பதினான்காம் எண் ஸ்பிரிங்

9 ஜனவரி 2019, புதன்

இன்று எனக்கு மூன்று கோப்புகள் வந்தன. ஒன்று தண்ணீர் பம்புக்கான வால்வு. இன்னொன்று வெளிநாட்டு கம்பெனியின் கார் சீட். மூன்றாவது முடிவெட்டும் மின்சார மெஷின். பக்கத்து மேசை ரெஜினா எட்டிப் பார்த்துவிட்டு, சலூன் கோப்பு கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கிண்டல் செய்தாள். நான் சிரிக்கவில்லை. காப்புரிமை அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஆய்வாளராக இருக்கிறேன். கோப்பில் சின்னது பெரியது பார்ப்பதில்லை.

விண்ணப்பித்தவர் பெயர் பொ. கருப்பண்ணன், ஊர் ராசிபுரம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சலூன்காரர்களின் மெஷின்களும் அவரிடம் ரிப்பேருக்கு வருமாம். ஏஜென்ட் யாரும் இல்லை, தானே மனுப் போட்டிருக்கிறார். ஆங்கிலம் யாரோ வாத்தியார் எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. படங்களைக் கிராஃப் தாளில் பென்சிலால் போட்டு, அதன் மேல் பேனாவை ஓட்டியிருக்கிறார். ஒரு ஸ்பிரிங்குக்கு ஏழு சுற்று என்றால் ஏழு சுற்றையும் எண்ணி வரைந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். அடர்ந்த முடியிலோ சிக்கிலோ நுழையும்போது மெஷினின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த பிளேடு முடியை வெட்டாமல் கவ்வி இழுக்கிறது. வலி அதனால்தான். இவர் மோட்டாருக்கும் ஆடும் பிளேடுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார். சுமை கூடினால் பிளேடு ஆடும் தூரம் குறையும், வேகம் குறையாது, ஆகவே இழுக்காது என்கிறார்.

படித்து முடித்ததும் தம்பி நம்பியின் நினைவு வந்தது. உடனே கோப்பை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, யாருக்கோ வந்த கோப்பு என்பதுபோல் மறுபடி திறந்தேன். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

10 ஜனவரி, வியாழன்

உலகத்தில் எங்காவது யாராவது இதற்கு முன்பே செய்திருந்தால் காப்புரிமை கிடையாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வழக்கமாக ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று நாள் தேடுவேன். இதற்கு ஒரு மணி நேரம் ஆகவில்லை. 1961-இல் ஒரு ஜெர்மன்காரர் வாங்கிய காப்புரிமை கண்ணில் பட்டது. படத்தில் மோட்டார், பிளேடு, இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், அதற்கு எண் பதினான்கு. கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு அரைகுறையாக இருந்தது. "ஸ்பிரிங் 14 ஆடும் பிளேடுடன் இணைந்து செயல்படுகிறது" என்று ஒரு வரி கிடைத்தது. அது போதும்.

நிம்மதியாக இருந்தது. சீக்கிரம் வீட்டுக்கு வந்து நம்பிக்குத் தோசை வார்த்தேன்.

13 ஜனவரி, ஞாயிறு

பொங்கலுக்கு முன் நம்பிக்கு முடி வெட்டிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். நம்பிக்கு வயது முப்பத்தாறு, பேச்சு குறைவு. அம்மா போனதிலிருந்து ஆதம்பாக்கம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று வருடத்துக்கு முன் தெருமுனை தனுஷ்கோடி சலூனில் மெஷின் அவன் பிடரி முடியைக் கவ்வி இழுத்துவிட்டது. வலி தாங்காமல் தனுஷ்கோடியைத் தள்ளினான், கண்ணாடி உடைந்தது, இவன் கையிலும் இரத்தம். அதற்குப் பிறகு அந்த முனைப்பக்கமே வருவதில்லை. நான்தான் வீட்டில் கத்தரியால் வெட்டுகிறேன். ஒரே நாளில் முடிக்க விடமாட்டான். இன்று இடது பக்கம் மட்டும் ஆயிற்று.

14 ஜனவரி, திங்கள்

வலது பக்கம். உச்சியைத் தொடவிடவில்லை.

18 ஜனவரி, வெள்ளி

கருப்பண்ணனுக்கு முதல் அறிக்கை அனுப்பியாகிவிட்டது. "1961-லேயே உள்ளது, புதுமை இல்லை" என்பது சாரம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், அடியில் என் பெயர்.

இதில் அவர் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் அலுவலகத்தில் முதல் அறிக்கை ஏறக்குறைய எல்லோருக்குமே "இல்லை" என்றுதான் போகும். காய்கறிக் கடையில் முதல் விலை சொல்வதுபோல. ஏஜென்டுகளுக்கு இது தெரியும். உடனே பதில் எழுதுவார்கள், இந்தப் படம் வேறு, எங்கள் படம் வேறு என்று வாதாடுவார்கள். நாங்களும் பாதியை ஒத்துக்கொள்வோம். பதிலுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. ஜூலை 18-க்குள் பதிலோ, கூடுதல் அவகாசம் கேட்டு மனுவோ வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாராலும் அதைத் திறக்க முடியாது.

நிச்சயம் எழுதுவார். ஏழு சுற்றை எண்ணி வரைந்தவர் ஆயிற்றே.

24 பிப்ரவரி, ஞாயிறு

கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. இப்போதே இப்படி என்றால் மே மாதம் என்ன ஆகுமோ. நம்பிக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். பழையதையே போட்டுக்கொண்டிருக்கிறான்.

17 மார்ச், ஞாயிறு

கிண்டி ரயில் நிலைய வாசலில் விற்ற மெஷின் ஒன்றை நேற்று வாங்கி வந்தேன். நம்பிக்கு உதவுமா பார்க்கலாம் என்றுதான், வேறு காரணம் இல்லை. சுவிட்சைப் போட்டதும் அவன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் ஸ்குரூ டிரைவரை எடுத்து மெஷினைப் பிரித்துப் பார்த்தேன்.

பதினோரு வருடத்தில் எத்தனையோ மெஷின்களைக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். முடிவெட்டும் மெஷின் ஒன்றைக் கையில் பிடித்துப் பிரித்தது இன்றுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. மேல் பிளேடு நழுவாமல் கீழ்ப் பிளேடோடு ஒட்டியிருக்க, அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் பிளேடைத் தள்ளும் வழியில் அது இல்லை. இருக்கும் இடம் அந்த ஜெர்மன் படத்தில் பதினான்காம் எண் போட்டிருக்கும் அதே இடம்.

எல்லா மெஷினிலும் இந்த ஸ்பிரிங் உண்டு போலிருக்கிறது. சரி. அப்படியே இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் கருப்பண்ணன். பதிலில் சொல்லட்டும். மெஷினை மறுபடி பூட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

22 ஏப்ரல், திங்கள்

கோப்பைப் பார்த்தேன், பதில் இல்லை. ரெஜினாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். ஏஜென்டுகளே கடைசி வாரத்தில்தான் எழுதுகிறார்கள், அதற்குள் என்ன அவசரம் என்றாள். ஏஜென்ட் இல்லாதவர்கள் என்று கேட்டேன். அவர்களில் பாதிப் பேர் எழுதுவதே இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

16 ஜூன், ஞாயிறு

தண்ணீர் லாரி நான்கு நாளாக வரவில்லை. தெருவே குடத்தோடு நின்றது. எட்டுக் குடம் பிடித்தேன். நம்பிக்குத் தலைக்கு ஊற்றி இருபது நாள் ஆகிறது. முடி காதை மூடிவிட்டது, உள்ளே வேர்க்குரு. ஒட்ட வெட்டுவதைத் தவிர வழியில்லை. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். இன்று கத்தரி நுனி காதில் பட்டுவிட்டது. அவன் கத்தவில்லை. கத்தரியை என் கையிலிருந்து வாங்கி, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினான். அவன் தூங்கப் போன பிறகும் அழுகை அடங்கவில்லை எனக்கு.

8 ஜூலை, திங்கள்

இன்னும் பத்து நாள். கருப்பண்ணனின் கோப்போடு கன்ட்ரோலர் பத்மாசனி மேடத்தின் அறைக்குப் போனேன். நான் அறிக்கை எழுதுகிறவன் என்றால் அவர்தான் முடிவு சொல்கிறவர். முதல் அறிக்கையில் சின்னத் திருத்தம் இருக்கிறது, திருத்தி அனுப்பிவிடலாம் என்று சொல்ல வேண்டும். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், என்னைத்தான் கூப்பிட நினைத்தேன் என்றார். வருடாந்தர மதிப்பீடு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவிலேயே திருத்தம் இல்லாத அறிக்கைகள் என்னுடையவைதானாம், புதிதாக வருகிறவர்களுக்கு என் அறிக்கைகளைத்தான் மாதிரியாகக் காட்டுகிறாராம். பதவி உயர்வுப் பட்டியல் பற்றியும் கோடி காட்டினார். நன்றி என்று சொன்னேன். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மடியில் கனமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

15 ஜூலை, திங்கள்

விண்ணப்பத்தில் கருப்பண்ணனின் கைபேசி எண் இருக்கிறது. நாங்கள் விண்ணப்பதாரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் வழக்கம் இல்லை. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். ஏதோ சாமி பாட்டு ஒலித்தது. எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

18 ஜூலை, வியாழன்

காலையில் மூன்று முறை பார்த்தேன். மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். இல்லை.

19 ஜூலை, வெள்ளி

கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

போன வாரம் தனுஷ்கோடி தெருவில் என்னை நிறுத்தி, தம்பியை ஒரு தடவை கூட்டி வாருங்கள், இப்போது மெஷின் இழுக்காது என்றார். நான் பிடி கொடுக்கவில்லை. இன்று காலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணாடி உடைந்ததை மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர். மெஷினை நம்பியின் கையிலேயே கொடுத்தார். நம்பி அதைத் தன் முழங்கையில் ஓட்டினான், காலில் ஓட்டினான், பிறகு என் தலையில் ஓட்டினான். ஒரு பக்கத்து மீசையும் போயிற்று. அதன் பிறகு நாற்காலியில் தானாக உட்கார்ந்தான். பத்தே நிமிடம். பிடரி, காது ஓரம், உச்சி எல்லாம் முடிந்தது. ஒரு தடவைகூடத் தோளைக் குறுக்கவில்லை. முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, ஆச்சா?" என்று கேட்டான். மூன்று வருடத்தில் எனக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

இது எங்கே வாங்கியது என்று தனுஷ்கோடியிடம் கேட்டேன். வாங்கவில்லையாம். பழைய மெஷின்தான், உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும் புதிதாகச் சேர்த்ததாம். சலூன்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்ததாம். போனைத் திறந்து காட்டினார். கிராஃப் தாள், பென்சிலின் மேல் ஓட்டிய பேனா, ஸ்பிரிங்குக்கு ஏழு சுற்று. கோப்பிலிருந்த மூன்றாவது படம்.

"ராசிபுரத்துக்காரரு ஒருத்தர் போட்டாரு சார். தான் கண்டுபிடிச்சதுன்னுதான் முதல்ல நெனச்சாராம். கவர்மென்ட்ல பாத்துட்டு, இது அந்தக் காலத்துலயே இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். அதான் யாரு வேணா செஞ்சுக்கங்கன்னு போட்டுட்டாரு."

நான் அப்படியா என்றேன். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

19 ஆகஸ்ட், திங்கள்

மத்தியானம் என் போனிலிருந்தே கருப்பண்ணனைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குலசேகரன் சாருங்களா? ரிப்போர்ட்டுல அடியில உங்க பேருதானுங்க இருந்துச்சு."

ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டேன். எதற்கு எழுத வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். வாத்தியார் படித்துச் சொன்னாராம், இது புதிதில்லை என்று கவர்மென்ட் சொல்லிவிட்டது என்று. கவர்மென்டே தேடிப் பார்த்துச் சொன்ன பிறகு எதிர்த்து எழுதுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாராம். அது முடிவு இல்லை, முதல் பேச்சு மட்டும்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அதை அறிக்கையில் எழுதவில்லை, எழுதும் வழக்கம் இல்லை.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். மனுப் போட்ட கையோடு முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்தில் மெஷினைக் காட்டி, இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லியிருக்கிறார். சால்வை போட்டார்களாம். என் அறிக்கை வந்த பிறகு அதே கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சால்வையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க சொல்லாட்டி, இன்னொருத்தரு மூளையில வந்தத என்னுதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பனுங்க. அந்தப் பாவம் வராம பண்ணீங்க. உங்களுக்கு நன்றி சொல்லோணும்னு நெனச்சேன், நம்பருதான் தெரியல."

என்னையே கட்டாயப்படுத்திக்கொண்டு சொன்னேன். ஜெர்மன்காரரின் ஸ்பிரிங் பிளேடை அழுத்த மட்டும் செய்கிறது, உங்களுடையது பிளேடைத் தள்ளும் வழியில் இருக்கிறது, இரண்டும் வேறு, நான் பார்த்தது தவறு என்றேன். தவறு என்று மார்ச் மாதமே தெரியும் என்பதையும் சொன்னேன். ஜூலையில் கூப்பிட்டு வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். நம்பியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு இது கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று ஆசை வந்ததால், எங்கே நியாயம் தவறிவிடுவேனோ என்று பயந்து, அவசர அவசரமாக இல்லை என்று எழுதிவிட்டேன் என்றேன். இதுவரை என்னிடமே இதை நான் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் பக்கம் கடையில் ஏதோ மோட்டார் ஓடி நின்றது.

"தம்பிக்கு இழுக்கலைங்களே?" என்றார்.

இழுக்கவில்லை, தானாக உட்கார்ந்தான் என்றேன். நல்லதுங்க என்றார். பிறகு, "அப்ப அது என்னுதுதானுங்களா?" என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றேன்.

21 ஆகஸ்ட், புதன்

எழுதியதை எடுத்துக்கொண்டு பத்மாசனி மேடத்திடம் போனேன். இந்த முறை உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டேன். முழுக்கக் கேட்டார். ஜூலை எட்டாம் தேதி இதற்காகத்தான் வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அரை நாளில் திருத்தம் போயிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இனி அலுவலகத்தால் கோப்பைத் திறக்க முடியாது, உயர்நீதிமன்றம் சொன்னால் ஒழிய. விண்ணப்பதாரர் அங்கே போனால் என் கடிதம் அவருக்குச் சாட்சியாகும், எனக்கு எதிராகவும் அதுவே சாட்சியாகும் என்றார். பிரதி ஒன்றை மேலே அனுப்ப வேண்டியிருக்கும், பதவி உயர்வை மறந்துவிடுங்கள் என்றார். தெரியும் என்றேன். கடிதத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு, இதை ஏன் தமிழில் எழுதினீர்கள் என்று கேட்டார். படித்துக் காட்ட இன்னொருவர் வேண்டியிருக்கக் கூடாது என்றேன்.

மத்தியானமே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். ரெஜினா தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை என் தட்டில் வைத்தாள். மாலையில் மழை. தெருவே வாளியோடு மொட்டை மாடியில் நின்றது. நம்பி கிழக்கு மூலையில் மூன்று வாளி பிடித்தான்.

4 செப்டம்பர், புதன்

கருப்பண்ணன் கூப்பிட்டார். நேற்று செவ்வாய்க்கிழமை, சலூன்களுக்கு விடுமுறை நாள், அதனால் சங்கக் கூட்டம். கோர்ட் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லையாம், வாத்தியாரோடு போய் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறாராம். அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றார்.

மன்னிப்புக் கேட்ட அதே இடத்தில் எழுந்து நின்று கடிதத்தை வாசித்தாராம். முதல் பக்கம் முழுக்க ஜெர்மன்காரர், ஸ்பிரிங், தேதிகள். ஒருவருக்கும் சரியாகப் புரியவில்லையாம். பின்வரிசையில் பேச்சுக்கூட ஆரம்பித்துவிட்டதாம். பிறகு கடைசி வரி வந்திருக்கிறது. "இது ராசிபுரம் பொ. கருப்பண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பு, இல்லை என்று எழுதியது என் பிழை" என்று நான் எழுதியிருந்த வரி.

அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்களாம்.